அண்ணன் கொடுத்த ரத்தம்

மரத்தூளில் புரட்டி, சாக்குப்பையில் சுற்றிய ஐஸ் பாறையை மடியில் வைத்துக்கொண்டு, உத்திரமேரூரிலிருந்து பெருநகருக்கு வரும் பேருந்தில் நைனா உட்கார்ந்திருப்பார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் அப்போது யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சோடாக்கடைக்காரரிடம்தான் ஐஸ் கிடைக்கும். ஒருமுறை நானும் அவரோடு போயிருந்தேன். வெயில் காலம். பாதி வழியிலேயே சாக்கு நனைந்து, தண்ணீர் நைனாவின் வேட்டியில் இறங்கி, பேருந்தின் தரையில் கோடு போட்டு ஓடியது. "இன்னாய்யா இது, பஸ்ஸ கொளம் ஆக்கிக்கினு வர்ற?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நைனா தலையைத் தூக்காமல், "பையனுக்கு முட்டி வீங்கிக்கினு கீது சார். இத வச்சாதான் கொஞ்சம் அடங்கும்" என்றார். அந்த வருடம் முழுக்க, சாக்கோடு நைனாவைப் பார்த்தால் அந்தக் கண்டக்டர் எங்கள் தெருமுனையிலேயே விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவார்.

வீட்டுக்குள் அண்ணன் பாயில் மல்லாந்து கிடப்பான். வலது முட்டி பூசணிக்காய் போல உருண்டு, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருக்கும். கையை வைத்தால் சுடும். அம்மா ஐஸை உடைத்து, பழைய வேட்டியில் முடிந்து, முட்டியின் மேல் வைப்பாள். வைத்த நொடியில் அவன் உடம்பு முழுவதும் ஒருமுறை தூக்கிப் போடும். ஆனால் வாயிலிருந்து சத்தம் வராது. தலையணையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பான். தான் அழுதால் அம்மா அழுவாள், அம்மா அழுதால் நைனா எழுந்து வெளியே போய்விடுவார் என்பது அவனுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தான்.

அவனுடைய ரத்தம் உறையாது. இதைச் சொன்னால் எல்லோரும் கத்திக்காயத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கீறலும் சின்னக் காயமும் அவனுக்குப் பெரிய ஆபத்தில்லை. அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். உள்ளே கசிவதுதான் ஆளைத் தின்றது. கீழே விழ வேண்டியதில்லை, அடிபட வேண்டியதில்லை. முதல் நாள் கொஞ்சம் அதிகமாக நடந்திருப்பான். காலையில் கண் விழிக்கும்போது மூட்டுக்குள் ரத்தம் ஊறி நிறைந்திருக்கும். அது வற்ற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒவ்வொரு முறை வற்றும்போதும் மூட்டில் கொஞ்சத்தை அரித்துக்கொண்டு போகும். பத்தாவது படிக்கும்போதே அவன் வலது கால் நீட்ட முடியாமல் மடங்கி நின்றுவிட்டது.

அம்மாவுக்குத் தம்பிகள் இரண்டு பேர் இருந்தார்களாம். ஒருவர் புளியமரத்திலிருந்து விழுந்தும், இன்னொருவர் பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமலும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். காத்து கருப்பு என்று ஊரில் பேசினார்கள். அண்ணனைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. ரத்தம் உறைவதற்கு வரிசையாகப் பல பொருள்கள் வேண்டுமென்றும், அதில் எட்டாவது இவனுக்கு இல்லையென்றும் டாக்டரம்மா விளக்கினார். பிறகு, இது ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும், தாய் வழியாக வரும் என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பாடம் நடத்துவதைப் போலத்தான் சொன்னார். அம்மா அதைக் குற்றமாகவே வாங்கிக்கொண்டாள். ஊர் திரும்பிய அன்று அவள் சாப்பிடவில்லை. "என் ரத்தம்தான்டா உன்ன தின்னுது" என்று அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதன் பிறகு, சாகும் வரைக்கும், அவன் முட்டி வீங்கும் நாட்களில் அவள் சோற்றில் கை வைத்ததை நான் பார்த்ததில்லை.

அந்த நோய்க்கு மனிதர்கள் கண்டுபிடித்த மருந்துகளின் கதையை அண்ணன்தான் எனக்குச் சொன்னான். முதலில் அடுத்தவர் ரத்தத்தையே அப்படியே ஏற்றினார்கள். பிறகு ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை மட்டும் பிரித்து ஏற்றினார்கள். அதையும் உறையவைத்து மெல்ல உருக்கினால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கும். அதில் அந்த எட்டாவது பொருள் செறிந்திருக்கும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். பிறகு ஏராளமானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து, வடித்து, பொடியாக்கிச் சின்னக் குப்பிகளில் அடைத்தார்கள். அதற்கும் பிறகு மனித ரத்தமே தேவைப்படாமல், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களைக் கொண்டே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் உலகத்தில் எப்போதோ நடந்து முடிந்தது. எங்கள் ஊருக்கு ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை கழித்துத்தான் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே பொடியைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் நைனா மடியில் ஐஸை வைத்துக்கொண்டு பேருந்தில் வந்துகொண்டிருந்தார். முட்டியோடு நிற்காமல் இடுப்பிலோ வயிற்றிலோ கசிந்தால் மட்டும் அண்ணனைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே மஞ்சள் நிறத்தில் பை பையாகப் பிளாஸ்மா ஏற்றுவார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பையும் காலியாகும்போது அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள்.

இவ்வளவுக்கும் அவன் சோகமான ஆள் இல்லை. தன் வலது முட்டிக்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வருவாராம், வந்தால் ஒரு வாரம் தங்காமல் போகமாட்டாராம். "மாமனார் வந்துகீறாரும்மா, பாய போடு" என்பான். அம்மா ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை. நானும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்கள் தங்கை என்னைவிட ரொம்பவும் சின்னவள். அவளுக்கு நடை பழக்கியதே அவன்தான். தன்னால் வேகமாக நடக்க முடியாததால் பிள்ளைக்கு ஏற்ற வேகத்தில் அவனால் மட்டுமே நடக்க முடிந்தது. படிப்பு முடித்து, உத்திரமேரூரில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்க ஆரம்பித்தான். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் கல்யாணம் அவன் விரலில்தான் நடந்தது. அவன் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "ஒரு மாமனார் போதும்பா" என்பான்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, என் வழியாகவும் வரக்கூடிய அந்த நோயைப் பற்றி வந்தவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நைனாவும் அரைமனதாக அதற்கு ஒத்துக்கொண்டார். அண்ணன்தான் மறுத்தான். "மறைச்சு கட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு இவ மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது? என்ன கூப்ட்டு உக்கார வச்சு, இவன்தான் அந்த ஆளுன்னு காட்டு நைனா" என்றான். அதனால் இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாகத் திருப்புலிவனத்திலிருந்து வந்தவர் அண்ணனிடம் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவந்தார். அதிகம் பேசாத மனிதர்.

கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் நான் முழுகாமல் இருந்தேன். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு இந்த நோய் உண்டா என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனை வந்துவிட்டது என்ற செய்தியையும் அண்ணன்தான் கொண்டுவந்தான். அதற்குக் கொஞ்சம் தூரத்தில், வேறு ஊரிலிருந்த பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, என் ரத்தம் மட்டும் அவர்களுக்குப் போதாது என்று. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் உள்ள ஒருவரின் ரத்தம் வேண்டும். மரபணுவில் எழுத்துப்பிழை போன்ற அந்தக் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் அவர் ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதே பிழை பிள்ளையிடம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். எங்கள் குடும்பத்தில் அப்படி உயிரோடு இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். மடங்கின காலோடு, இரண்டு பேருந்து மாறி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். ஊசி குத்தின இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவன் மட்டும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னைப் போல இன்னொருவன் வருகிறானா என்று காட்டிக்கொடுக்கத்தான் அந்த ரத்தம் போகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. என்னைப் பார்த்து, "மொத தடவையா என் ரத்தம் ஒருத்தருக்கு ஒதவுது பாரு" என்றான்.

முடிவைக் கேட்க மறுபடியும் நான், கணவர், அண்ணன் மூன்று பேருமாகப் போனோம். பிள்ளைக்கு இருக்கிறது என்று சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று அவர்கள் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நாங்களேதான் முடிவு செய்ய வேண்டும், அவசரமில்லை, ஆனால் ரொம்பவும் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சில் என்னையும் அண்ணனையும் உட்காரவைத்துவிட்டு, டீ வாங்கி வருவதாக என் கணவர் போனார். அவர் டீ வாங்கப் போகவில்லை, கொஞ்சம் தனியாக இருக்கப் போனார் என்று எங்களுக்குத் தெரியும்.

"அண்ணா, நீ சொல்லு" என்றேன்.

"என்ன கேக்காதம்மா."

"உன்ன கேக்காம யார கேக்கறது? வலி இன்னான்னு உனக்குத்தான தெரியும்."

எதிரே ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "வலிய பத்தி மட்டும் கேட்டேன்னு வச்சுக்க, வேணாம்னுதான் சொல்லுவேன். எந்தப் புள்ளைக்கும் வேணாம். ஆனா அத மட்டும்தான் கேப்பியா?"

"வேற இன்னா கேக்கறது?"

"பொறந்ததுக்கு வருத்தப்பட்டியான்னு கேளு."

நான் கேட்கவில்லை. ஆமாம் என்று அவன் சொன்னாலும் என்னால் தாங்க முடியாது. இல்லை என்று சொன்னாலும் தாங்க முடியாது. அதற்குள் என் கணவர் டீயோடு வந்துவிட்டார். ஆறிப்போயிருந்த அந்த டீயை மூன்று பேரும் குடித்தோம். பேருந்தில் ஏறும்போது, படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் அண்ணன் இரண்டு கைகளாலும் தன் தொடையைப் பிடித்துத் தூக்கி வைத்தான். ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். அன்றைக்கு நான் பார்த்த விதம் வேறு. நான் முடிவெடுத்தது அந்தப் படியில்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளையைக் கலைத்துவிட்டோம். அன்றைக்கு இருந்த நிலையில் அதைத்தான் செய்திருப்பேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கமலா ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். ஒவ்வொரு சுளையாக நார் எடுத்து என் கையில் வைத்தான். அவன் கண் சிவந்து வீங்கியிருந்தது. எனக்காக அழுதானா, வராமலே போன அந்தப் பிள்ளைக்காக அழுதானா, தனக்காகவா என்று நான் அன்று முழுக்க யோசித்தேன். பிறகு எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளைத் தூக்கிக் கொஞ்சினான், பெயர் வைத்தான், காது குத்த மடியில் வைத்துக்கொண்டான். முதல் பிள்ளையைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை.

நைனா போன பிறகு, காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பொடி மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. வீங்க ஆரம்பித்ததும் ஆட்டோவில் போய் ஊசி போட்டுக்கொண்டால், அன்று மாலையே கடை திறந்துவிடுவான். "மாமனார் வந்தாரு, வாசல்லயே அனுப்பிட்டேன்" என்று போனில் சொல்வான். மடங்கின கால் நிமிரவில்லைதான். ஆனால் புதிதாக எதுவும் கெடவில்லை. அம்மாவின் கடைசி வருடங்கள் அவை. முட்டி வீங்காத மகனோடு உட்கார்ந்து அவள் தினமும் சாப்பிட்டாள். அந்த ஒரு நல்லதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அது நிலைக்கவில்லை. ஒருநாள் அவன் கால் இரண்டும் வீங்கியிருந்தது. இந்த முறை மூட்டு இல்லை, பாதம். வயிறும் உப்ப ஆரம்பித்தது. பரிசோதித்துப் பார்த்ததில் கல்லீரலில் கிருமி என்றார்கள். சின்ன வயதில் ஏற்றின பிளாஸ்மாவோடு எப்போதோ உள்ளே போனது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கிருமி இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் அதைச் சோதிக்கும் வசதி எல்லா இடத்துக்கும் வந்துசேர நாளானது. வெளிநாடுகளில் அந்தப் பொடி மருந்தின் வழியாகவே எத்தனையோ பேருக்கு இதைவிடக் கொடிய நோய்கள் தொற்றின என்று அண்ணன் முன்பே படித்துச் சொல்லியிருக்கிறான். காலியான ஒவ்வொரு பையையும் அம்மா கும்பிட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா அப்போது உயிரோடு இல்லாததற்காக முதல்முறையாக நிம்மதிப்பட்டேன்.

அந்தக் கிருமிக்கும் புதிதாக மாத்திரை வந்திருந்தது. சில மாதங்கள் சாப்பிட்டால் அடியோடு போய்விடும். அண்ணன் சாப்பிட்டான், கிருமி போய்விட்டது. அதற்குள் கல்லீரல் கல்லாகிவிட்டிருந்தது. "மருந்துக்கும் எனக்கும் எப்பவும் இதே பேஜார்தான். நான் ஸ்டாப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள வண்டி கெளம்பிடுது" என்று டாக்டரிடமே சொன்னான்.

கடைசி மாதங்களில் அவனைத் திருப்புலிவனத்துக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஒரு மதியம், கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டபோது, அன்றைக்குக் கேட்காததைக் கேட்டேன். "அண்ணா, பொறந்ததுக்கு வருத்தப்பட்டியா?"

இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேனே என்று அவன் ஆச்சரியப்படவில்லை. "வீங்கன நாள்ல பட்டேன். வீங்காத நாள்ல படல" என்றான். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "எது ஜாஸ்தின்னு எண்ணிப் பாக்கல. எண்ணக்கூடாதுன்னு வச்சிருந்தேன்" என்றான்.

சில வாரங்களில் அவன் ரத்த வாந்தி எடுத்தான். எட்டாவது பொருளை எவ்வளவு ஏற்றியும் பலனில்லை. இது அவன் பிறக்கும்போது கொண்டுவந்த ரத்தப்போக்கு இல்லை, கல்லீரல் கெட்டதால் உணவுக்குழாயில் உடைந்தது என்றார்கள். எந்த ரத்தத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பயந்தோமோ அதிலிருந்து தப்பித்து, வேறொரு ரத்தத்தில் போனான்.

அவன் போன மறு வருடம் தங்கை முழுகாமல் இருந்தாள். பெருநகரில் எங்கள் வீட்டிலேயேதான் அவளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். பரிசோதனைக்குப் போகலாம் வா, நான் கூட வருகிறேன் என்றேன். வரமாட்டேன் என்றாள். "உன்ன கொற சொல்லலக்கா. உனக்கு அப்ப மருந்து இல்ல. எனக்கு கீது. அதுக்கு மேல, அண்ணன் மாதிரி ஒருத்தன் வந்தான்னா வரட்டுமே" என்றாள். வந்தான். முதல் இரண்டு மூன்று வருடம் பட்ட பாட்டை எழுத எனக்கு மனமில்லை. பிஞ்சுக் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்துவார்கள். தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பிள்ளையை அழுத்திப் பிடித்திருப்பாள். பிறகு இன்னொரு மருந்து வந்தது. நரம்பு தேட வேண்டாம். தோலுக்கு அடியில் போட்டால் போதும். இல்லாத அந்த எட்டாவது பொருளின் வேலையை இது செய்துவிடுமாம். வீங்கிய பிறகு ஓட வேண்டியதில்லை, வீங்காமலே காக்கும். இந்த முறை வண்டி எங்களுக்காக நின்றது.

போன அறுவடையின்போது ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் டிராக்டர் நின்றிருந்தது. டிரெய்லரின் மேல் ஏறி நின்றிருந்த தங்கையின் பையன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே குதித்தான். இரண்டு முட்டியும் தரையில் மோதின. நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அவன் எழுந்து டவுசரைத் தட்டிவிட்டுக்கொண்டான். லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்று பொழுது சாயும்வரை அவனைப் பக்கத்திலேயே உட்காரவைத்து முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மறுநாள் காலையில் அவன் எழுவதற்கு முன்னே போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு முட்டியும் எலும்பு தெரிய, மெலிந்து, ஒரே அளவாக இருந்தன. எனக்கு மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

பையன் விழித்துக்கொண்டான். "இன்னா பெரிம்மா, என் முட்டியவே பாத்துக்கினு அழுவுற? எனக்கு வலிக்கவே இல்ல" என்றான்.

"உங்க மாமாவுக்கு இந்த முட்டிதான்டா வீங்கும். பத்து நாள் எழுந்து நிக்க முடியாது" என்றேன்.

அவன் சுவரில் மாட்டியிருந்த என் கல்யாணப் போட்டோவைத் திரும்பிப் பார்த்தான். அதில் அண்ணன் எனக்குப் பின்னால் நேராக நிற்கிறான். "நல்லாதான நிக்கிறாரு" என்றான்.

போட்டோக்காரர் அண்ணனுக்கு ஒரு நாற்காலி கொடுத்து, என் புடவைக்குப் பின்னால் அது மறையும்படி நிறுத்தியிருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் அவன் அவ்வளவு நேரம் நின்றான். சொன்னேன். பையன் போட்டோவின் அருகே போய் எட்டிப் பார்த்தான். நாற்காலி எதுவும் தெரியவில்லை. "போ பெரிம்மா, சும்மா சொல்ற" என்று சிரித்துவிட்டு, வாசலுக்கு ஓடினான்.